வீட்டு விற்பனையில் தாள்கள் எங்கே தேங்குகின்றன?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீட்டுக்கு வாங்குபவர் கிடைத்து, விலை பேசி முடித்து, எஸ்டேட் ஏஜென்ட் வாசலில் பலகையை மாற்றி வைத்த பிறகும் அந்த வீடு விற்றுவிட்டதாகச் சட்டம் கருதுவதில்லை. நிலத்தையோ வீட்டையோ விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட எல்லா நிபந்தனைகளும் அதில் அடங்க வேண்டும், இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 2ஆம் பிரிவு விதிக்கிறது. எக்ஸ்சேஞ்ச் எனப்படும் ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்கும் நாள் வரை, வாங்குபவர் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். விலையைக் குறைக்கச் சொல்லலாம். விற்பவரும் வேறொருவருக்கு விற்க முடிவு செய்யலாம். ஆகவே இந்த இடைக்காலத்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் விற்பனை முறிந்துபோகக்கூடிய ஒரு வாரம்தான். விற்பனையின் சட்ட வேலைகளைக் கவனிக்கும் வழக்கறிஞரைக் குறித்து 'சொலிசிட்டர் இழுத்தடிக்கிறார்' என்ற மனக்குறையும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் எழுகிறது.

அந்தக் குறையில் நியாயம் இருக்கும் இடங்களும் உண்டு; அவற்றைப் பின்னர் பார்க்கலாம். ஆனால் தாமதத்தின் வேர் பெரும்பாலும் சொலிசிட்டரின் மேசையில் இல்லை. ஒரு வீட்டைப் பற்றிய சான்றிதழ்களும் பதிவுகளும் பதில்களும் வாங்குபவர் கிடைத்த பிறகுதான் முதன்முறையாகத் தேடப்படுகின்றன என்பதே இந்த முறையின் அடிப்படைக் கோளாறு. ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 2008 டிசம்பர் முதல் ஒரு வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே, சர்வேயரின் அறிக்கையும் எரிசக்தி அறிக்கையும் விற்பவரின் பதில்களும் அடங்கிய 'ஹோம் ரிப்போர்ட்' தயாராக இருக்க வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் இதே திசையில் ஒருமுறை அடியெடுத்து வைத்தன. 2007இல் கட்டாயமாக்கப்பட்ட வீட்டுத் தகவல் தொகுப்பு 2010 மே மாதம் புதிய கூட்டணி அரசால் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து எரிசக்திச் சான்றிதழ் மட்டுமே எஞ்சியது. 2025 அக்டோபரில் அரசு மறுபடியும் இதே யோசனையைக் கையிலெடுத்து, தகவல்களை முன்கூட்டியே தருவது பற்றியும் ஒப்பந்தம் இரு தரப்பையும் விரைவிலேயே கட்டுப்படுத்தும்படி செய்வது பற்றியும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அது சட்டமாகும் வரை, எந்தத் தாளை எப்போது திரட்டுவது என்பது பெரும்பாலும் விற்பவரின் கையிலேயே இருக்கிறது.

விலை ஒத்துக்கொள்ளப்பட்டதும் ஏஜென்ட் இரு தரப்புச் சொலிசிட்டர்களுக்கும் விற்பனைக் குறிப்பை அனுப்புகிறார். விற்பவரின் சொலிசிட்டர் அடையாளச் சோதனையை முடித்து, நிலப் பதிவகத்திலிருந்து உரிமைப் பதிவேட்டின் நகலையும் வரைபடத்தையும் எடுத்து, விற்பவர் நிரப்பிய படிவங்களுடனும் ஒப்பந்த வரைவுடனும் மறுபுறத்துக்கு அனுப்புகிறார். வாங்குபவரின் சொலிசிட்டர் உள்ளூர் கவுன்சில், தண்ணீர் நிறுவனம், சுற்றுச்சூழல் ஆகியவை பற்றிய, சர்ச் எனப்படும் பதிவுத் தேடல்களுக்கு விண்ணப்பிக்கிறார். தாள்களைப் படித்துக் கேள்விகள் அனுப்புகிறார். கடன் நிறுவனத்தின் கடன் உறுதிக் கடிதம் வந்ததும் தம் கட்சிக்காரருக்கு அறிக்கை எழுதுகிறார். அதன் பிறகே எக்ஸ்சேஞ்ச். எல்லோரும் உடனுக்குடன் செய்தால் சில வாரங்களில் முடியக்கூடிய வேலை இது. ஆனால் ஒருவர் செய்து முடித்ததை அடுத்தவர் எடுத்துத் தொடரும் வேலை என்பதால், நடுவில் யாரிடம் தாள் தங்கினாலும் மற்ற அனைவரும் காத்திருக்கிறார்கள். மேலும் கீழும் வேறு விற்பனைகள் கோத்திருக்கும் சங்கிலியாக இருந்தால், முகமே தெரியாத ஒரு குடும்பத்தின் கடன் விண்ணப்பம்கூட உங்கள் நாளைத் தள்ளிப்போடும்.

முதல் தேக்கம் பெரும்பாலும் விற்பவரின் வீட்டிலேயே தொடங்குகிறது. சட்டச் சங்கம் வெளியிடும் டிஏ6 என்ற சொத்துத் தகவல் படிவமும், எந்தெந்தப் பொருள்களை விட்டுச் செல்கிறோம் என்று சொல்லும் டிஏ10 படிவமும் நீளமானவை. வேலி யாருடையது, அயலவருடன் தகராறு ஏதும் உண்டா, வெள்ளம் வந்ததா, கூரை அறை எப்போது கட்டப்பட்டது, கொதிகலன் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்று அவை கேட்கின்றன. நிரப்புவதைத் தள்ளிப்போட்டு வாரங்கள் கழிவது ஒரு தவறு. அவசரத்தில் 'தெரியாது' என்று எழுதிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. அப்படி எழுதிய ஒவ்வொரு வரியும் மறுபுறத்திலிருந்து ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். தெரிந்ததை மறைத்துத் தவறாக எழுதினால், விற்பனை முடிந்த பிறகும் வாங்கியவர் வழக்குத் தொடுக்க முடியும்.

என்கொயரி என்று சொலிசிட்டர்கள் சொல்லும் இந்தக் கேள்விகள் ஏன் இவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்பதை அறிந்தால் கோபம் பாதியாகக் குறையும். கடன் வாங்கி வீடு வாங்குபவரின் சொலிசிட்டர் பெரும்பாலும் அந்தக் கடன் நிறுவனத்துக்காகவும் வேலை செய்கிறார். வங்கிகளின் கூட்டமைப்பான யூகே ஃபைனான்ஸ் வெளியிடும் கடன் நிறுவனங்களுக்கான கையேடு, எந்தக் குறையை அவர் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், எதை ஏற்கலாம் என்று விதிக்கிறது. அந்த விதியை மீறிக் கண்டும் காணாமல் விட்டால், பின்னாளில் வரும் இழப்புக்கு அவரே பொறுப்பு. 'இருபது வருடமாக அந்த அறை இருக்கிறது, ஒரு பிரச்சினையும் இல்லை' என்ற விற்பவரின் பதில் உண்மையாகவே இருந்தாலும், கையேடு கேட்பது கவுன்சிலின் சான்றிதழைத்தான்.

கூரையடி அறை, பின்புற நீட்டிப்பு, இடித்து நீக்கிய சுவர் ஆகியவற்றுக்குக் கட்டட விதிமுறைப்படி வேலை முடிந்ததற்கான சான்றிதழ் வேண்டும். சிலவற்றுக்குத் திட்ட அனுமதியும் வேண்டும். 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய ஜன்னல்களுக்கு, ஜன்னல் பொருத்துநர்களைப் பதிவு செய்யும் ஃபென்சா போன்ற அமைப்பின் சான்றிதழோ கவுன்சிலின் ஒப்புதலோ தேவை. 2005 ஜனவரிக்குப் பின் செய்த முக்கிய மின்வேலைகளுக்கும் அதுபோலவே. இவற்றில் பலவற்றின் நகலைச் சிறு கட்டணத்துக்கு இணையத்திலேயே பெறலாம். வீட்டைச் சந்தையில் போடும் முன் ஒரு மாலை நேரத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது. சான்றிதழே ஒருபோதும் வாங்கப்படவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன. 1985 நவம்பர் 11க்குப் பின் நடந்த வேலையாக இருந்தால், கவுன்சிலிடம் பின்னேற்பு விண்ணப்பம் போட்டுச் சோதனைக்கு உட்படுத்தலாம். சுவரையோ கூரையையோ திறந்து காட்டச் சொல்லலாம் என்பதால் இதற்குக் காலம் பிடிக்கும். மற்றது, அந்தக் குறையால் பின்னாளில் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் இழப்பை ஈடுசெய்யும் காப்புறுதியை ஒருமுறைக் கட்டணத்தில் எடுத்து வாங்குபவருக்குத் தருவது. இந்த இரண்டாம் வழியைத் தேர்ந்தால் கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கவே கூடாது. கவுன்சிலுக்குத் தகவல் போய்விட்டால் காப்புறுதி நிறுவனம் மறுத்துவிடும். நல்லெண்ணத்தில் கவுன்சிலை அழைத்து விசாரித்தவர்கள் வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சான்றிதழ் இல்லாத வேலை எதுவாக இருந்தாலும் முதலில் பேச வேண்டியது சொலிசிட்டரிடம்.

நிலம் இன்னொருவருடையதாக இருக்க, நீண்ட காலக் குத்தகையில் வைத்திருக்கும் லீஸ்ஹோல்ட் அடுக்ககம் என்றால் கதை இன்னும் நீளும். இங்கே தாள்கள் விற்பவரிடமும் இல்லை, அவருடைய சொலிசிட்டரிடமும் இல்லை. நில உரிமையாளரிடமோ அவர் நியமித்த நிர்வாக நிறுவனத்திடமோ இருக்கின்றன. பராமரிப்புக் கட்டணக் கணக்குகள், கட்டடக் காப்புறுதி, திட்டமிட்டுள்ள பெரிய வேலைகள், நிலுவைத் தொகை ஆகியவற்றைக் கேட்கும் எல்பிஇ1 படிவத்தை அவர்கள் நிரப்பித் தர வேண்டும். அதற்கு அவர்கள் கட்டணம் வசூலிக்கிறார்கள். அந்தக் கட்டணம் செலுத்தப்படும் வரை தொடங்குவதும் இல்லை. நில உரிமையாளர் ஒருவர், நிர்வாக நிறுவனம் ஒன்று, குடியிருப்போர் நிறுவனம் இன்னொன்று என்று மூவர் இருந்தால் மூன்று தனித்தனிக் கடிதங்கள் போக வேண்டும். அடுக்ககம் விற்க முடிவு செய்தவர் சொலிசிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் தொகுப்புக்கு எப்போது பணம் கட்டலாம் என்பதே. வாங்குபவர் கிடைக்கட்டும் என்று காத்திருப்பது பணத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். ஆனால் தொகுப்பு கையில் இல்லாமல் வாங்குபவரின் சொலிசிட்டர் ஒரு அடியும் நகர மாட்டார். மிகவும் முன்னதாக வாங்கினால் பராமரிப்புக் கணக்கு பழையதாகிவிடும் என்பதால், வீட்டைச் சந்தையில் போடும் வாரமே இதற்குச் சரியான நேரம் என்பது என் கருத்து.

2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் நடந்த தீவிபத்துக்குப் பின் அடுக்ககங்களுக்கு மேலும் ஒரு படலம் சேர்ந்தது. வெளிச்சுவரின் தீப்பாதுகாப்பைச் சொல்லும் இடபிள்யூஎஸ்1 படிவம் 2019 டிசம்பரில் வந்தது. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்தில் 11 மீட்டருக்கோ ஐந்து மாடிகளுக்கோ குறையாத கட்டடங்களில், பாதுகாப்புச் சீரமைப்புச் செலவிலிருந்து தகுதியுள்ள லீஸ்ஹோல்ட் உரிமையாளர்களுக்குக் காப்பு அளிக்கிறது. அந்தக் காப்பு உண்டா என்று நிறுவ, வீட்டு உரிமையாளர் ஒரு சான்றாவணத்தையும் நில உரிமையாளர் தம் பங்குக்கு ஒரு சான்றிதழையும் தர வேண்டும். பிந்தையதற்கு நான்கு வாரக் கெடு சட்டத்தில் இருந்தாலும், அது வராமலே நின்றுபோன விற்பனைகள் ஏராளம். இந்தச் சட்டம் பொருந்தும் வீடுகளை எடுத்துக்கொள்ளவே மறுக்கும் சொலிசிட்டர் நிறுவனங்களும் உள்ளன. ஒப்படைக்கும் முன் இதைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்.

வீட்டின் உரிமைப் பதிவேட்டிலேயே சிக்கல் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. 1990 டிசம்பர் 1 முதல்தான் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் விற்பனையின்போது நிலப் பதிவு கட்டாயமானது. அதற்கு முன் வாங்கி, அடமானமும் வைக்காமல், ஒரே குடும்பத்தில் இருந்து வந்த வீடு இன்னும் பதிவாகாமல் இருக்கலாம். அப்போது பழைய பத்திரக் கட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கி ஒருவர் இறந்திருந்தால், பல வேளைகளில் இறப்புச் சான்றிதழே போதும். ஆனால் இருவரும் தனித்தனிப் பங்காக வைத்திருப்பதைக் காட்டும் தடைக் குறிப்பு பதிவேட்டில் இருந்தால், உயிரோடு இருப்பவர் தனியாக விற்றுப் பணம் பெற முடியாது. இன்னொருவரை அறங்காவலராக நியமிக்க வேண்டும். தனியாக வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அவருடைய சொத்தைக் கையாள அதிகாரம் தரும் நீதிமன்றத்தின் புரோபேட் ஆணை வந்த பிறகே விற்பனையை முடிக்க முடியும். அடைத்துத் தீர்த்த பழைய கடன் பதிவேட்டில் நீக்கப்படாமல் கிடப்பதும் அடிக்கடி நடக்கிறது. அரசின் 'ஹெல்ப் டு பை' பங்குக் கடன் பெற்றவர்கள் அதைத் தீர்க்கத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைத் தர வேண்டும்; அந்த அறிக்கை மூன்று மாதங்களே செல்லும். பதிவேட்டின் நகலை நிலப் பதிவகத்தின் இணையத்தளத்தில் 7 பவுண்டுக்கு யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதை விற்பதற்கு முன் படிப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், குரோய்டன் பகுதிகளில் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இடத்தில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும், பிறகு கணவரின் பெயர் குடும்பப் பெயராகவும், முதலெழுத்து விரிந்தும் சுருங்கியும் மாறி வந்த நம் பெயர்கள், வீடு வாங்கிய ஆண்டில் பதிவேட்டில் ஒரு விதமாகவும் இன்றைய கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் இருக்கக் காண்கிறோம். இருவரும் ஒருவரே என்று காட்ட, பழைய கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தேவைப்பட்டால் சத்தியக் கூற்று ஆகியவற்றை முதல் வாரமே எடுத்துக் கொடுத்தால் பின்னால் நிற்க வேண்டியிருக்காது. கூட்டு உரிமையாளரில் ஒருவர் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும்போது, உரிமை மாற்றும் ஆவணத்தில் அவர் சாட்சியின் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். தாள் போய் வர நாள் ஆகும். அட்டர்னி அதிகாரப் பத்திரம் எழுதுவதாக இருந்தால், கூட்டு உரிமையாளருக்கான வாசகங்களை முதலில் சொலிசிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் உள்ள வழக்கறிஞர் தம் வழக்கப்படி எழுதிக் கொடுத்த பத்திரம் இங்கே ஏற்கப்படாமல் போகலாம்.

வாங்குபவரும் நம்மவர் என்றால், முற்பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் முன்கூட்டியே பேசப்பட வேண்டும். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி சொலிசிட்டர் பணத்தின் மூலத்தை ஆராய வேண்டும். சீட்டு எடுத்த பணமும், உறவினர்கள் கையில் கொடுத்த பணமும் நேர்மையானவையாக இருந்தாலும், வங்கிக் கணக்கில் தடம் இல்லாவிட்டால் அவற்றை விளக்குவதிலேயே வாரங்கள் கழியும். பரிசாகத் தரப்படும் பணத்துக்குக் கொடுப்பவரின் கடிதமும், அவருடைய அடையாளமும், பெரும்பாலும் அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்கப்படும்.

கவுன்சில் சர்ச் வாங்குபவரின் பக்கத்து வேலைதான். ஆனாலும் விற்பவர் அது எந்தத் தேதியில் விண்ணப்பிக்கப்பட்டது என்று ஏஜென்ட் மூலம் கேட்கலாம், கேட்க வேண்டும். வாங்குபவர் கடன் உறுதியாகட்டும் என்று சர்ச்சுக்குப் பணம் கட்டாமல் இருப்பது மிகப் பரவலான, வெளியே தெரியாத தாமதம். கவுன்சில்களின் வேகமும் ஒன்றுபோல் இல்லை. 2020 அக்டோபரில் லண்டன் ஹாக்னி கவுன்சிலின் கணினிகள் தாக்கப்பட்டபோது, அந்தப் பகுதியின் நிலச் சர்ச்சுகள் மாதக்கணக்கில் முடங்கின. இதற்குத் தீர்வாக, கவுன்சில்களிடம் உள்ள உள்ளூர் நிலக் கட்டுப்பாட்டுப் பதிவுகளை நிலப் பதிவகம் 2018 முதல் படிப்படியாக ஒரே தேசியப் பதிவேட்டுக்கு மாற்றி வருகிறது. மாறிய இடங்களில் சர்ச்சின் அந்தக் கூறு உடனே கிடைக்கிறது.

தாமதமே தாமதத்தை ஈன்றெடுக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். சர்ச் முடிவுகள் ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் கடன் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. கடன் உறுதிக் கடிதத்துக்கும் காலாவதி நாள் உண்டு. அது கடந்தால் வாங்குபவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் வட்டி ஏறியிருந்தால் அவரால் பழைய விலையைத் தாங்க முடியாமலும் போகலாம். முத்திரை வரிச் சலுகை முடியும் நாள்களில் இது பெரும் நெரிசலாகிறது. 2021 ஜூன் 30க்கும் 2025 மார்ச் 31க்கும் முன்பாக விற்பனையை முடிக்க முயன்றவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அதே சொலிசிட்டர்களையும் அதே கவுன்சில்களையும் நெருக்கினார்கள்.

இப்போது சொலிசிட்டர்கள் பக்கம். குறைந்த நிலைக்கட்டணத்தில் பெருந்தொகையான கோப்புகளை எடுக்கும் நிறுவனங்களில், ஒரு கையாளரின் பொறுப்பில் தாங்க முடியாத எண்ணிக்கையில் விற்பனைகள் இருக்கும். அவர் விடுப்பில் போனால் கோப்பும் தூங்கும். ஏஜென்ட் பரிந்துரைக்கும் நிறுவனத்திடமிருந்து ஏஜென்டுக்குத் தரகுத் தொகை கிடைப்பது வழக்கம். அதை அவர் உங்களிடம் வெளிப்படுத்த வேண்டும். அந்தப் பரிந்துரை தவறானதாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் அது உங்களுக்காக மட்டும் செய்யப்பட்ட தேர்வு அல்ல. கட்டணத்தில் சில நூறு பவுண்டு மிச்சம் பிடிப்பதைவிட, கோப்பை யார் கையாள்வார், அவர் இல்லாதபோது யார் பதில் சொல்வார், நேரடித் தொலைபேசி எண் உண்டா என்று கேட்டு ஒருவரைத் தேர்வது நல்லது. விற்க முடிவு செய்த நாளிலேயே அவரை அமர்த்தினால், அடையாளச் சோதனையும் படிவங்களும் வாங்குபவர் வரும் முன்பே முடிந்திருக்கும்.

நடுவில் தேங்கும்போது, தினமும் அழைத்து 'என்ன ஆயிற்று' என்று கேட்பதால் பயன் இல்லை. எந்தக் கேள்விகளுக்கு இன்னும் பதில் போகவில்லை, அந்தப் பதில் யாரிடமிருந்து வர வேண்டும், அவரிடம் எந்தத் தேதியில் கேட்கப்பட்டது என்று வாரம் ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் உங்கள் சொலிசிட்டர் வேலை செய்கிறார் என்று பொருள். நிர்வாக நிறுவனத்தையோ பழைய கடன் நிறுவனத்தையோ நீங்களே அழைத்து நெருக்கவும் வழி கிடைக்கும். மழுப்பலான பதிலே திரும்பத் திரும்ப வந்தால், கோப்பை யாரும் பார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். வாங்குபவரின் சொலிசிட்டருக்கு நீங்கள் நேரடியாக எழுதக் கூடாது. அவர் பதில் தரக் கடமைப்பட்டவரும் அல்லர். அந்தப் பக்கத்தை ஏஜென்ட் மூலமே நகர்த்த வேண்டும். இந்த மின்னஞ்சல் பரிமாற்றங்களுக்கு நடுவே வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக ஒரு செய்தி வந்தால், தெரிந்த எண்ணில் அழைத்து உறுதி செய்யாமல் எதையும் நம்ப வேண்டாம். வீட்டு விற்பனைப் பணத்தைக் குறிவைக்கும் மோசடி இப்படித்தான் நடக்கிறது.

நாள் கெட்டதற்குச் சொலிசிட்டரே காரணம் என்று தெளிவாகத் தெரிந்தால், முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டு நடைமுறைப்படி எழுத வேண்டும். எட்டு வாரங்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டாலோ, இறுதிப் பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ சட்டக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இறுதிப் பதில் வந்து ஆறு மாதங்களுக்குள்ளும், குறை நடந்த அல்லது தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும் அதைச் செய்ய வேண்டும். கட்டணத்தைக் குறைக்கவும், 50,000 பவுண்ட் வரை இழப்பீடு தரவும் ஆணையிட அவருக்கு அதிகாரம் உண்டு. மறுதரப்புச் சொலிசிட்டரின் மந்தத்தைப் பற்றி அவரிடம் முறையிட உங்களுக்கு வழி இல்லை. அந்தச் சொலிசிட்டரின் கட்சிக்காரரான வாங்குபவர்தான் அதைச் செய்ய முடியும். நடுவழியில் சொலிசிட்டரை மாற்றலாம். ஆனால் பழைய நிறுவனம் தன் கட்டணம் தீரும் வரை கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு, புதியவர் அடையாளச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குவார். ஒப்பந்த வரைவு மறுபுறம் போவதற்கு முன்பே கோளாறு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் போய்விட்ட நிலையில் என்றால், அதே நிறுவனத்துக்குள் மூத்தவர் ஒருவரிடம் கோப்பை ஒப்படைக்கும்படி எழுத்தில் கேட்பதே விரைவான வழி.